நான்கு டிரம் சாட்சியம்

மட்டாஞ்சேரியில் முப்பிடாதியின் இட்லி மாவுக்கு இருந்த மரியாதை அவளுடைய காருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மாவு வருகிறது என்றால் ஓட்டல்காரர்கள் கதவைத் திறந்து வைப்பார்கள். கார் வருகிறது என்றால் தெருக்காரர்கள் சன்னலைச் சாத்துவார்கள். கடல் ஏறும் நாட்களில் கொச்சங்காடித் தெருக்களில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் பதின்மூன்று வருஷம் ஓடிய காரின் சைலன்சர் சல்லடையாகிவிட்டது. தினமும் நான்கு டிரம் மாவைச் சுமந்து சுமந்து பின்பக்க ஸ்பிரிங்குகள் உட்கார்ந்தே போய்விட்டன. ஒவ்வொரு பள்ளத்திலும் காரின் அடிவயிறு தரையில் இடிக்கும், எவ்வளவு இறுக்கினாலும் மூடியிடுக்கில் மாவு தளும்பி அவள் பின்கழுத்தில் தெறிக்கும். சங்கரன்கோவிலிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாள்முதல் அவள் மேனியில் மஞ்சளைவிட மாவுதான் அதிகம் பூசியிருக்கிறது.

அவள் புருஷன் தங்கதுரை தோப்பும்படி துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். காரைச் செய்த கம்பெனியில் விசாரித்தான். அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் செய்வதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது என்றார்கள். எர்ணாகுளத்தில் ஒரு கடையில் கோயம்புத்தூர்ப் பட்டறைச் சரக்கு கிடைத்தது. ஒரு சைலன்சர், இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார்கள்.

போன தேர்தலில் தோற்றவருடைய பிளெக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, அவர் கும்பிட்ட கைகளின்மேல் முதுகை வைத்துத் தங்கதுரை காருக்கு அடியில் போனான். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். மூன்று கழன்றன, நான்காவது அசையவில்லை. முப்பிடாதி ஸ்பானரின் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதன்மேல் ஏறி நின்றாள். போல்ட் ஒரு கத்துக் கத்திவிட்டுத் திரும்பியது.

"ஏட்டி, இந்த வெயிட்டுக்குக் காரே திரும்பியிருக்கும்" என்றான் தங்கதுரை அடியிலிருந்து.

"பேசாம சைலன்சரப் பிடிங்க. ரப்பரு நழுவுது."

ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கி ஸ்பிரிங்கைக் கிண்ணத்தில் உட்காரவைத்தது அவள்தான். கிரைண்டர் கல்லைத் தினமும் கழற்றிப் பூட்டுகிற கைக்கு இது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. சாயங்காலம் கார் இரண்டு விரற்கடை நிமிர்ந்து நின்றது. சாவியைத் திருகியபோது எதிர்வீட்டு லோகாம்பாள் வெளியே வந்து, "ஸ்டார்ட் ஆகலியா?" என்று அனுதாபமாகக் கேட்டாள். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மாவு மூன்று ஓட்டல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. முப்பிடாதி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பல வருஷத்துக்குப் பிறகு, முதுகைச் சாய்த்து ஓட்டினாள். அந்தச் சுகம் சரியாக மூன்று நாள் நீடித்தது.

நான்காம் நாள் பாலத்தடியில் ஒரு ஜீப் நின்றது. அதன் கதவில் 'வாகன அசல்நிலைப் பாதுகாப்பு அலுவலகம்' என்று எழுதியிருந்தது. வண்டிகள் கம்பெனியிலிருந்து எப்படி வந்தனவோ அப்படியே மோட்சம் அடைய வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அலுவலகம் அது. அதன் இன்ஸ்பெக்டர் ரமேஷ்பாபு பாலக்காட்டுக்காரர். தமிழ் தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. ஒலி அளக்கும் கருவியைச் சைலன்சர் வாயருகே வைத்தார், பார்த்தார், கருவியைத் தட்டினார், மறுபடி பார்த்தார்.

"எந்தா சேச்சி இது? சத்தமே இல்லியல்லோ?"

"புது சைலன்சர் சார். நல்லாருக்குல்லா?"

"அதுதான் குத்தம். இந்த மாடலுக்குக் கம்பெனி ஒரு சத்தம் கொடுத்திருக்கு. அதுல கூடவும் பாடில்ல, குறையவும் பாடில்ல."

"சத்தம் குறைஞ்சா ஊருக்கு நல்லதுதான சார்?"

"ஊருக்கு நல்லதா கெட்டதான்னு நோக்கறது எங்க ஜோலி அல்ல." அவர் டேப்பை எடுத்துப் பின்சக்கர வளைவை அளந்தார். முகம் இன்னும் மலர்ந்தது. "ஹைட்டும் ஏறியிருக்கு. இது யாரு மாட்டினது?"

"நாந்தான்."

ரமேஷ்பாபு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோட்டீஸில் 'மாற்றம் செய்தவர்: தகுதியற்ற பெண்' என்று மலையாளத்தில் எழுதினார். ஏழு நாளில் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. வீட்டில் தங்கதுரை அதை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னபோது, குத்தத்தைவிடத் தகுதியற்ற என்ற சொல்தான் முப்பிடாதிக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் சட்டத்துக்கு அடங்கிய மனுஷி. வாழைமரத்தடியில் கிடந்த பழைய சைலன்சரை எடுத்துத் துடைத்து, பழைய ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் நின்ற மரத்திலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. ரமேஷ்பாபு காதைப் பொத்திக்கொண்டு கருவியை வைத்தார். இரண்டாவது நோட்டீஸ் எழுதினார். குற்றம், அளவுக்கு மீறிய சத்தம்.

"சார், நீங்க சொன்ன பழைய சைலன்சர்தான இது?"

"ஆமா. அசல்தான். ஆனா ஓட்டை இருக்கு."

"ஓட்டைன்னுதான் மாத்தினேன்."

"மாத்தினது தப்பு."

"அப்ப எதத்தான் சார் நான் மாட்டணும்?"

ரமேஷ்பாபு பொறுமையாக விளக்கினார். "சேச்சி, எதை மாட்டணும்னு சொல்ற ஆபீஸ் இது அல்ல. எதை மாட்டக்கூடாதுன்னு சொல்ற ஆபீஸ்."

கவுண்டரில் இருந்த ஷம்னா என்ற பெண்ணுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளை, ஆனால் தமிழ் வாசிக்க வராது. மாற்றத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி ஒரு படிவத்தை எடுத்து அவளே வாசித்துக் காட்டினாள். மாற்றம் செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம். இதுவரை எந்த மாற்றமும் செய்யவில்லை என்று உறுதிமொழி எழுத வேண்டுமாம். கூடவே, மாற்றம் செய்தபின் வண்டி எப்படி இருக்கிறது என்பதற்கு நான்கு பக்கமும் எடுத்த புகைப்படம் ஒட்ட வேண்டுமாம்.

"மாத்தாம எப்படிம்மா மாத்தின போட்டோ எடுக்க?"

"எனக்கும் மனசிலாகல அக்கா. மூணு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் யாரும் எடுத்திட்டு வரல."

அடுத்த கட்டம், வாகனம் எழுப்பும் ஒலி, எழுத்தால். முப்பிடாதி யோசித்து 'டுர்ர்ர்' என்று சொன்னாள். ஷம்னா மலையாளத்தில் எழுதினாள். எத்தனை 'ர்' என்பதை ஒரு கெஜட்டட் அதிகாரி காதால் கேட்டுச் சான்றளிக்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு இருந்தது. முப்பிடாதி ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப்பிடித்து, அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பத்து நிமிஷம் எஞ்சினை ஓட்டிக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டு, 'மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உயரம் கூட்டக் காரணம் என்ற இடத்தில் 'மாவு தளும்புகிறது' என்று ஷம்னாவை எழுதச் சொல்லியிருந்தாள். புகைப்படக் கட்டத்தை வெறுமையாக விட்டே படிவத்தைக் கொடுத்தாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மாவு தளும்புதல் அட்டவணையில் இல்லை. நோயாளி, பிரேதம், மக்கள் பிரதிநிதி ஆகிய மூன்றுக்கு மட்டுமே உயரம் கூட்டலாம். ஆகவே நேர் விசாரணைக்குத் திங்கட்கிழமை காலை வரவும், மாற்றம் செய்த பாகங்களோடும், தினசரி உபயோகிக்கும் அதே நிலையிலும் வாகனத்தைக் கொண்டுவரவும்.

தங்கதுரை மறுபடி பேனரை விரித்தான். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் காருக்கு அடியில் போனவன், "இனி நான் இங்கனயே படுத்துக்கிடுதேன், சோத்த உள்ள தள்ளு" என்றான். புதுச் சைலன்சரும் புது ஸ்பிரிங்கும் மறுபடி ஏறின. தினசரி உபயோகிக்கும் நிலை என்று எழுதியிருந்ததால், திங்கள் விடியற்காலை அரைத்த மாவை நான்கு டிரம்மில் ஏற்றிக்கொண்டே முப்பிடாதி புறப்பட்டாள். காட்டிவிட்டு நேரே ஓட்டலுக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

விசாரித்தவர் தலைமை அதிகாரி கேசவ். கோயம்புத்தூரில் படித்தவர், மேடைத் தமிழில்தான் பேசுவார். உயரம் போதாமல் நாற்காலிக் கால்களுக்கு அடியில் நான்கு மரக்கட்டைகள் வைத்திருந்தார். தலைமயிருக்குச் சாயம் ஏற்றியிருந்தார், முன்பல் இரண்டு பீங்கான். வாசலில் நின்ற அவருடைய ஜீப்பில் முன்னால் கூடுதல் கம்பியும் மேலே கூடுதல் விளக்கும் இருந்தன. இவற்றையெல்லாம் முப்பிடாதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மணி, உலகம் ஏன் கெட்டது தெரியுமா?" என்று ஆரம்பித்தார் கேசவ். "எவனும் அவனவன் இருந்தபடி இருக்கவில்லை. மனிதனைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. வண்டியைத் திருத்த இருக்கிறது. பதினொரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். தப்பான ஒரு வண்டிக்கு நான் அனுமதிக் கையெழுத்துப் போட்டதாக எவனாவது விரல் நீட்ட முடியுமா? முடியாது. ஏன்? நான் எந்த வண்டிக்குமே போட்டதில்லை. இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். ஒரு கறை இல்லாமல் போகிறேன்."

ரமேஷ்பாபு கைதட்டப் போய் அடக்கிக்கொண்டார்.

"சார், எனக்குச் சத்தம் குறைஞ்சிருக்கு, மாவு சிந்தல. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

"நட்டம் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உங்களை யார் மாற்றச் சொன்னது?" கேசவ் எழுந்து வந்து காரைச் சுற்றினார். "தலைமையகத்திலிருந்து தொழில்நுட்பக் குழு ஒன்பது நாளில் வரும். அதுவரை வாகனத்துக்குச் சீல்."

முப்பிடாதி காரின் பின்கதவை மறித்து நின்றாள். "சார், வண்டிய வச்சிக்கிடுங்க. மாவ மட்டும் இறக்கிக்கிடுதேன். காலைல அரச்சது. கடையில காத்துக்கிட்டு இருக்காவ."

"மாவை இறக்கினால் எடை என்ன ஆகும்?" கேசவ் வகுப்பெடுப்பதுபோல் ரமேஷ்பாபுவைப் பார்த்தார்.

"குறையும் சார்."

"எடை குறைந்தால் ஸ்பிரிங்?"

"எழும்பும் சார்."

"ஸ்பிரிங் எழும்பினால் உயரம் மாறும். உயரம் மாறினால் சாட்சியம் மாறும். சாட்சியத்தை மாற்றுவது குற்றம். இந்த அம்மணி என்னைக் குற்றம் செய்யச் சொல்கிறார்."

"ஐயோ சார், அது இட்லி மாவு. சாயங்காலத்துக்குள்ள பொங்கிரும்."

"பொங்குவது மாவின் சொந்த விஷயம்."

அந்த நிமிஷம்வரை முப்பிடாதிக்கு இருந்தது பயமும் கோபமும்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டும் போய்விட்டன. இந்த மனுஷனை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அவள் மனசுக்குள் நிதானமாக ஒரு முடிவு உட்கார்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க சொன்னா சரி சார். சொன்னத அப்படியே சீல் வைக்கிற மகஜர்ல எழுதித் தாங்க" என்றாள்.

கேசவுக்கு எழுதச் சொல்வது என்றால் பாயசம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியே சொன்னார், ஷம்னா எழுதினாள். உரிமையாளர் வீட்டில், உரிமையாளரின் கிரைண்டரில் அரைத்த மாவு, நான்கு டிரம், தொண்ணூற்றாறு கிலோ. பின்சக்கர வளைவின் உயரம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். குழு வரும்வரை எந்த அதிகாரியும், நான் உட்பட, சீலை உடைக்கக் கூடாது. சாட்சியம் நிலை மாறாமல் காப்பது என் நேரடிப் பொறுப்பு. சீல் பத்திரமாக இருக்கிறதா என்று உரிமையாளர் தினமும் வந்து பார்த்துக்கொள்ளலாம். கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டார், அது அனுமதி இல்லையே.

டிரம்களை எண்ணிச் சரிபார்க்க முப்பிடாதியைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக மூடிக் கொக்கிகளை இறுக்கிப் பூட்டுகிறவள், அன்றைக்கு நான்கையும் தளர்த்திவிட்டாள். மாவுக்கு மூச்சு முட்டக் கூடாதல்லவா. பிறகு கதவுகளில் அரக்குச் சீல் விழுந்தது. மதிப்புள்ள சாட்சியம் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்று கேசவ் அந்தக் காரைத் தன் அறைச் சன்னலுக்குக் கீழே போர்ட்டிகோவில் நிறுத்தச் சொன்னார்.

கொச்சங்காடியில் ஓட்டல் வைத்திருந்த ஜாபர் சாதிக் நல்ல மனுஷர். மற்ற இரண்டு ஓட்டல்களும் அவர் செய்வதைப் பார்த்தே செய்யும். செவ்வாய்க்கிழமை அவள் மாவை ஆட்டோவில் கொண்டுபோனாள். அரை டிரம் வழியில் போயிற்று, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரனும் போய்விட்டான்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கெட் மாவ வெச்சு சமாளிக்கறேன். வெள்ளிக்கிழமை காலைல உன் வண்டி வரலைன்னா ஆலுவாலேர்ந்து கம்பெனி மாவு வரும். ஒரு வருஷத்துக்கு அவங்கதான். என்மேல வருத்தம் வெச்சுக்காதே."

"வந்திரும் பாய்" என்றாள் முப்பிடாதி. எப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது. மூன்று ஓட்டலும் போனால் அவள் கிரைண்டரை விற்றுவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

பத்தரை மணிக்கு அலுவலகத்துக்குப் போய்ச் சீலைப் பார்த்தாள். காரின் கண்ணாடிகள் உள்ளே வெளுத்திருந்தன. போர்ட்டிகோவில் ஒரு புளிப்பு வாடை சுற்றியது. சாக்கடை அடைத்திருக்கிறது என்று கேசவ் நகரசபைக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். முப்பிடாதி எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை முன்னால் இழுத்து மூக்கோரம் விட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் காற்று வாங்கினாள்.

புதன்கிழமை கதவிடுக்கிலிருந்து மாவு வெளியே வந்தது. அவசரமில்லாமல் போர்ட்டிகோவைத் தாண்டி, படியிறங்கி, விண்ணப்பதாரர்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. எறும்புகள் ஆவண அறைக்குள் போயின. கேசவ் அறையில் ஊதுபத்தி ஏற்றினார்கள். புளித்த மாவும் ஊதுபத்தியும் சேர்ந்த வாசனையில் ரமேஷ்பாபு இரண்டு தடவை வெளியே ஓடினார். துப்புரவுத் தொழிலாளி ராசப்பன் துடைப்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, "இது சாட்சியமல்லே சார்? தொட்டா என்னைக் கோர்ட்டுக்கு விளிப்பாங்க" என்று திரும்பிப் போனான். வெளியே வந்த மாவையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று விதி இருந்ததால், ஷம்னா மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மணிக்கொருமுறை டேப்பால் அளந்து எழுதினாள். 'சாட்சியம் இன்று பதினொன்றரைக்கு இரண்டாவது படியை அடைந்தது.'

மத்தியானம் கேசவே பெஞ்சுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மணி, சீலை உடைக்க ஒரு வழி இருக்கிறது. நான் விண்ணப்பிக்கிறேன். உரிமையாளர் சம்மதம் என்ற இடத்தில் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்."

அதே படிவம்தான். முப்பிடாதி ஷம்னாவை வாசிக்கச் சொல்லிக் கவனமாகக் கேட்டாள். ஒலி, எழுத்தால் என்ற இடத்தில் கேசவ் 'பொளக்' என்று எழுதியிருந்தார்.

"ஒரு தடவ மட்டுமா சார் பொளக்குங்குது? நான் ஒரு மணி நேரமா கேட்டுக்கிட்டு இருக்கேன். கெஜட்டட் ஆபீசர் கேட்டு எண்ணிச் சான்று தரணும்லா?"

"நானே கெஜட்டட் அதிகாரி."

"உங்க விண்ணப்பத்துக்கு நீங்களே சான்று குடுத்தா நல்லாருக்குமா சார்? ஓய்வு பெறுத நேரத்துல ஒரு கறை வந்திரக் கூடாதுல்லா." படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் தன் கல்யாணத்திலும் அனுபவித்ததில்லை. கேசவ் அந்தக் கால்நடை மருத்துவரை வரவழைத்தார். மருத்துவர் போர்ட்டிகோவில் கால் வைத்ததுமே, மாடு செத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பகீரென்றது. இவரை அலையவைத்தால் சிரிப்பு வருகிறது, கார் வரவில்லையே. நாளைக்கு வியாழன். தங்கதுரை சாப்பிட்டுக்கொண்டே, "எத்தன டிரம் வெளிய வந்திருக்கும்?" என்று கேட்டான்.

"ரெண்டு டிரம் தேறும்."

"அப்ப ஐம்பது கிலோ எறங்கியிருக்கும். ஸ்பிரிங்கு புதுசு. ஒரு சென்டிமீட்டராவது தூக்கியிருக்கும்ட்டி."

சொல்லிவிட்டு அவன் சோற்றில் மோர் ஊற்றினான். முப்பிடாதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லோகாம்பாள் வீட்டுக்குப் போய், அவள் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், மூக்கைப் பொத்தியபடி அவள் பின்சக்கர வளைவை அளந்தாள். அறுபத்து மூன்றரை. ரமேஷ்பாபுவைக் கூப்பிட்டு அவருடைய டேப்பாலும் அளக்கச் சொன்னாள். அதுவும் அறுபத்து மூன்றரை.

"மகஜர்ல என்ன சார் இருக்கு?"

"அறுபத்திரண்டு" என்றார் ரமேஷ்பாபு, டேப்பைச் சுருட்டியபடி.

"அப்ப இந்த ஆபீசுல வச்சி யாரோ என் வண்டிய அனுமதியில்லாம ஒசத்தியிருக்காவ. நான் புகார் எழுதணும்."

ஷம்னா புகார்ப் படிவத்தை அவ்வளவு வேகமாக எடுத்ததை அந்த அலுவலகம் அதற்குமுன் கண்டதில்லை. விதியையும் அவளே உரக்க வாசித்தாள். சீல் வைத்த வாகனத்தின் உயரம் மாறினால், அது யாருடைய பொறுப்பில் இருந்ததோ அவரே மாற்றம் செய்தவராகக் கருதப்படுவார். விசாரணை முடியும்வரை அவர் ஓய்வு பெற முடியாது. மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் கேசவின் பெயரை எழுதிவிட்டு, ஷம்னா தலை நிமிர்ந்து, "தகுதி என்னன்னு எழுதணும் அக்கா?" என்று கேட்டாள்.

"இன்ஸ்பெக்டர் சார் எனக்கு என்ன எழுதினாவளோ, அதையே எழுது."

முத்திரை விழுந்த சத்தம் கேசவின் அறைவரைக்கும் கேட்டது. அவர் வெளியே வந்தார். ரமேஷ்பாபு அவரிடம் நோட்டீஸை நீட்டினார். அதோடு விதிப்படி அவருடைய ஜீப்பையும் அளக்கப் போனார். கேசவ் நோட்டீஸை இரண்டு தடவை வாசித்தார்.

"அம்மணி, இது மாவு செய்த வேலை. நான் எதையும் மாற்றவில்லை."

"மாவோட சொந்த விஷயத்த நாம பேசப்படாது சார். வண்டி யார் பொறுப்பு?"

கேசவ் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாக, "இதற்கு என்னதான் வழி?" என்று கேட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அந்தக் காருக்கு எந்த உயரமும் தவறில்லை என்று ஆகிவிட்டால், உயரம் மாறியதும் தவறில்லை. அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியவர் கேசவ். அவர் அறைக்குப் போய், பதினொரு வருஷமாகத் தொடாத அனுமதிப் புத்தகத்தை எடுத்தார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. புதுச் சைலன்சர், புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், உரிமையாளர் விரும்பும் உயரம் என்று எழுதி, அனுமதி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்தோடு பேனா நின்றுவிட்டது. ஷம்னா தன் பேனாவைக் கொடுத்தாள்.

சீல் உடைந்தது. கதவைத் திறந்த ரமேஷ்பாபு அதற்குப் பிறகு இரண்டு நாள் மருத்துவ விடுப்பில் இருந்தார். காரைக் கழுவித் தர வேண்டும் என்று முப்பிடாதி கேட்டாள். ராசப்பன் கழுவ, தலைமை அதிகாரி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒப்படைப்புச் சீட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன. வாகனம் என்ற கட்டத்தில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். உள்ளிருந்த பொருள் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"அதையும் போட்டால்தான் கோப்பு முடியும் அம்மணி. கோப்பு முடிந்தால்தான் நான்..."

"நாலு டிரம் மாவு இன்னும் எனக்கு வரலியே சார்."

"கடையில் வாங்கித் தருகிறேன்."

"கடை மாவு வேற. உரிமையாளர் வீட்டுல, உரிமையாளர் கிரைண்டர்ல அரைச்ச மாவுன்னு மகஜர்ல இருக்கு. பொறுப்பும் நேரடின்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, கிரைண்டர் சும்மாதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜாபர் சாதிக்கின் ஓட்டல் வாசலில் கார் வந்து நின்றது. அவர் பின்பக்கம் திரும்பி நின்று ஆலுவாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். தோளைத் தட்டிய பிறகுதான் திரும்பினார். போனை வைத்துவிட்டு, முதல் டிரம்மைத் தானே இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கேசவ் வந்தார். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் அரிசியும் உளுந்தும் கழுவினார். களையத் தெரியாமல் உளுந்தில் பாதியைத் தண்ணீரோடு விட்டார். லோகாம்பாள் வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன, அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஊறப்போட்டுவிட்டு, போதும் என்று அவரே முடிவு செய்து கிரைண்டரில் கொட்டினார். கல் சுற்றியது. மாவைக் கையால் தள்ளிவிடும்போது சாயம் வியர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முதல் டிரம்முக்கான மாவை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, சீட்டையும் பேனாவையும் நீட்டினார்.

முப்பிடாதி மாவில் விரலை விட்டு எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றிருந்தது. எதுவும் ஊறவேயில்லை. பாத்திரத்தைத் தூக்கி அப்படியே வாழைமரத்தடியில் கொட்டினாள். கேசவ் வாயைத் திறந்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கிரைண்டரின் சுவிட்சை அணைத்தாள், மூடியைப் போட்டாள், கையைத் துடைத்துக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தாள்.

"நாளைக்கு வாங்க சார்."